வறுத்த மண்

1

இதை எழுத எனக்குத் தகுதி கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடமதுரையில் நாங்கள் படித்த பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து மலர் போடுகிறார்கள். அதில் வெளிநாடு போய்ச் சாதித்தவர்களுக்கு என்று தனியாக ஒரு பகுதியாம். யாரோ என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். "விஞ்ஞானக் கூடத்துல வேலை பாக்குறாப்ல, மண்ணுல இருந்து மருந்து கண்டுபிடிக்கிறாப்ல" என்று சொல்லியிருக்கிறார்கள். அது பொய். சொன்னவர் வேண்டுமென்று சொல்லவில்லை, தெரியாமல் சொல்லியிருப்பார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அறிவியலில் முப்பத்தெட்டு மார்க். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசச் சொன்னாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்திப் போடுங்கள். சாதனை எங்கே என்று தோன்றினால் போடாமலே விட்டுவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

2

நெதர்லாந்துக்கு வந்து இந்த ஆனியோடு பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் கேண்டீனில் சமையல் வேலை. மில் பஸ் வந்து நிற்பதற்குள் அண்டா நிறையச் சாம்பாரும் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனமும் தயாராக இருக்க வேண்டும். அங்கிருந்து ஓர் இந்திய உணவகத்துக்குச் சமையல்காரனாக விசா கிடைத்து வந்தேன். நாலு வருடத்தில் உணவகத்தை மூடிவிட்டார்கள். கையைப் பிசைந்துகொண்டு இருந்தபோது, ஒரு பல்கலைக்கழகத்தில் சமையலறைக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் பார்த்தேன். மாணவர்களுக்குச் சமைக்கிற இடம் என்று நினைத்துத்தான் போனேன். போய்ப் பார்த்தால் அங்கே சாப்பிடுகிறவை பாக்டீரியா.

அது முதல் எட்டு வருடமாக பாக்டீரியாவுக்குச் சமைக்கிறேன். காலை ஏழரைக்குப் போய் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்வேன். கடல்பாசித் தூள், சோயா மாவு, ஓட்ஸ், உப்பு எல்லாவற்றையும் நிறுத்துக் கரைக்க வேண்டும். கடல்பாசி என்றால் நோன்பு மாதத்தில் பேகம்பூர்ப் பக்கம் கலர் கலராக வெட்டி விற்பார்களே, அதே பாசிதான். கரைத்ததை ஆள் உயரக் குக்கரில் வேகவைத்து, ஆறி இறுகுவதற்குள் உள்ளங்கை அகலத் தட்டுகளில் ஊற்ற வேண்டும். காலையில் ஒரு பாரம், மத்தியானம் ஒரு பாரம். பிறகு பழைய தட்டுகளை அவித்துக் கொட்ட வேண்டும், புட்டிகளைக் கழுவ வேண்டும்.

என் தட்டுகளை வாங்கிப்போய்ப் படித்த பிள்ளைகள் வேலை செய்வார்கள். ஒரு சிட்டிகை மண்ணைத் தண்ணீரில் கலக்கி, அதை இன்னும் இன்னும் நீர்க்கச் செய்து தட்டில் தடவுவார்கள். சில நாளில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளை வெள்ளையாக முளைக்கும். மூடியைத் திறந்தால் மழை விழுந்த மண்ணின் வாசம் வரும். அந்த வாசமே அந்த பாக்டீரியா விடுகிறதுதானாம். இவை பக்கத்தில் வேறு கிருமியை அண்டவிடாமல் இருக்க ஏதோ சுரக்கும். நாம் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்கிற பல ஊசி மருந்துகள் அப்படி வந்தவைதான். நோய்க்கிருமி பரப்பிய தட்டில் இந்த வெள்ளைப் பொட்டை வைப்பார்கள். சுற்றிலும் கிருமி செத்து வட்டமாகத் தெளிந்தால் எல்லாரும் ஓடிவந்து பார்ப்பார்கள். கேக் வெட்டுவார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து அது ஏற்கெனவே உள்ள பழைய மருந்துதான் என்று தெரியவரும். இல்லாவிட்டால் ஈரலுக்கு ஆகாத விஷம் என்று தெரியவரும். எட்டு வருடத்தில் ஏழு கேக் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு மருந்துகூட வரவில்லை.

அங்கே எல்லாரும் ஆய்வகத் தலைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஹன்னா என்று பெயர், என்னைவிட மூத்தவர். எனக்கு வாயில் வராது. மேடம் என்றால் அவர் சிரிக்கிறார். அதனால் எட்டு வருடமாக எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், அவர் தானாக என் பக்கம் திரும்பும்வரை பக்கத்தில் போய் நிற்கிறேன். டச்சு மொழித் தேர்வில் காதால் கேட்டு எழுதுகிற பகுதியில் இரண்டு முறை தோற்றேன். என் மகள் யாழினி ஏழு வயதில் நெதர்லாந்துக்கு வந்தவள். இப்போது அவளுடைய தமிழில் நான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, என்னுடைய டச்சில் அவள் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

3

ஊரில் இருப்பது என் அண்ணன் முத்தையா. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர். வடமதுரையில் இருந்து உள்ளே போனால் ஒன்றரை ஏக்கர் செம்மண் காடு, ஒரு கிணறு, முருங்கை, கொஞ்சம் கனகாம்பரம், ஒரு மாடு. அவருக்கும் சரசு மதினிக்கும் அதுதான் எல்லாம். பிள்ளைகள் இல்லை.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் அண்ணனுக்கு வலது பாதத்தில் கருவேல முள் ஏறியது. அவருக்குச் சர்க்கரை. காலில் மதமதப்பு இருந்ததால் முள் ஏறியதே மூன்று நாள் தெரியவில்லை. பிறகு மருந்துக் கடையில் வாயால் சொல்லி மாத்திரை வாங்கினார். வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிட்டு, மீதியைத் தகர டப்பாவில் போட்டு வைத்தார். மறுபடி சீழ் வைத்தபோது அந்த மீதியைச் சாப்பிட்டார். பிறகு வேறு கடை, வேறு மாத்திரை, அதிலும் பாதி டப்பாவுக்குப் போனது. எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். மருந்தை மிச்சம் பிடிப்பது நல்ல குணம் என்று நினைத்து வளர்ந்தவர்கள்.

இப்படி ஒரு வருடம் போன பிறகு திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சீழை எடுத்துச் சோதித்தார்கள். அந்தக் காகிதத்தை மதினி போனில் படம் எடுத்து அனுப்பினார். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், குக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தேன். வரிசையாக மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எழுத்து. ஆர், ஆர், ஆர் என்று கீழேவரை போயிருந்தது. அந்தப் பெயர்கள் எல்லாமே எனக்குத் தெரியும். ஆய்வகத்துக் குளிர்ப்பெட்டியில் அந்த மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவன் நான்தான். ஆர் என்றால் அந்த மருந்து இந்தக் கிருமியிடம் செல்லாது என்று அர்த்தம். கடைசியில் ஒரே ஒரு மருந்துக்கு மட்டும் எஸ், அதாவது கேட்கும் என்று போட்டிருந்தது. அது சிறுநீரகத்தைத் தின்கிற மருந்து. அண்ணனுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பாதிதான் வேலை செய்கிறது.

டாக்டர், இப்போதே வந்தால் விரல்களோடு போகும், தள்ளிப்போட்டால் கால் போகும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் மாட்டேன் என்றார். அதற்குக் காரணம் நான்.

வேலையில் சேர்ந்த புதிதில் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தேன், "மருந்தெல்லாம் மண்ணுக்குள்ளதான் இருக்குண்ணே" என்று.

"நம்ம காட்டு மண்ணுலயுமாலே?"

"இருக்கும்ணே."

இருக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சந்தோஷப்படட்டும் என்று இருக்கும் என்றேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் மண்வெட்டி பட்டு எனக்குக் கணுக்கால் கிழிந்தபோது, அண்ணன் வரப்பு மண்ணை அள்ளி அப்பித்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆறிவிட்டது. சீழ்கூடப் பிடிக்கவில்லை. அது அதிர்ஷ்டம், ஜன்னி வந்து செத்திருக்கவும் கூடும். ஆனால் அண்ணனுக்கு அது சாட்சி. "ஒன் காலை ஆத்துன மண்ணு ஏங் காலை ஆத்தாதா? நீ மண்ணைக் கொண்டுபோயி மருந்தா ஆக்கிக் கொண்டா. அதுவரைக்கும் எவன் கத்தியவும் கிட்டக் கொண்டாற விடமாட்டேன்" என்றார்.

அதற்கு வருஷக்கணக்கில் ஆகும் என்று பல தடவை வாய்வரை வந்தது. சொல்லவில்லை. யாழினிதான் கேட்டாள், பாதி டச்சிலும் பாதித் தமிழிலும். "அப்பா, நீங்க லேப்ல கஞ்சி காய்ச்சுறீங்க. மருந்து கண்டுபிடிக்கிறதில்ல. பெரியப்பாகிட்ட அதை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது.

4

எங்கள் காட்டு மண்ணைச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டபோது ஹன்னா உற்சாகமாகத்தான் இருந்தார். எங்கள் பக்கத்துக் காய்ந்த செம்மண்ணில் இதுவரை அவர்கள் பார்த்ததில்லையாம். ஆனால் மண் என்பது ஜட்டிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவருகிற பொருள் இல்லை. நம் நாட்டை விட்டு மண் போக இங்கே ஓர் அனுமதி, அந்த நாட்டுக்குள் மண் நுழைய அங்கே ஓர் அனுமதி. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் ஜெயந்தி மேடம் என்ற பேராசிரியை இங்குள்ள பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நல்ல மனுஷி. அவர் இல்லாவிட்டால் முதல் படிவமே நிரம்பியிருக்காது.

பதினான்கு மாதம் ஆனது. ஐந்து குழாய், குழாய்க்கு என் பெருவிரல் அளவு மண். அதற்கு நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். நிலத்தின் பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தது. அப்பா இறந்து முப்பத்தொரு வருடம். அவரிடம் சம்மதம் வாங்க முடியாது என்பதால் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு அண்ணன் கட்டுப்போட்ட காலோடு தாலுகா ஆபீசுக்கு எத்தனையோ தடவை போனார். ஒரு நாள் அதிகாரி வரவில்லை. ஒரு நாள் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. ஒரு நாள் அப்பா பெயரில் 'ராமசாமி' என்றும் 'இராமசாமி' என்றும் இரண்டு விதமாக இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்கி வா என்றார்கள். அண்ணன் போனில் சொல்லிச் சிரித்தார்.

"நம்ம அய்யன் உசுரோட இருக்கையில ஒரு ஆளாத்தான்லே இருந்தாரு. செத்தப்பெறகு ரெண்டாளாயிட்டாரு."

ஒவ்வொரு நடைக்கும் அந்தக் காலில் புண் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியிருக்கும். எனக்கு அங்கே குக்கர் முன்னால் நிற்கும்போது அதே நினைப்பு. மண்ணுக்காக நடந்து நடந்து, அந்த மண் காப்பாற்றும் என்று நம்புகிற காலையே அவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இரண்டு அனுமதியும் வந்தன. மண் எடுக்க வேண்டிய தேதிக்கு வைகாசிக் கடைசிவரை கெடு. நான் நேரில் வந்து எடுப்பதாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்து என்னுடைய குடியிருப்பு அட்டையைப் புதுப்பிப்பதில் தாமதம். அது கையில் இல்லாமல் நாட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பி நுழைவது கஷ்டம் என்றார்கள். ஒரு மண்ணாங்கட்டி எல்லை தாண்ட இரண்டு அனுமதி வாங்கியாயிற்று, ஆள் தாண்ட ஓர் அட்டை இல்லை.

வேறு வழியில்லாமல் போனில் வீடியோ போட்டு எடுத்தோம். அண்ணன் வரப்பில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டார். மதினி கையுறை மாட்டிக்கொண்டு, ஜெயந்தி மேடம் கொடுத்திருந்த கரண்டியால் ஒரு சாண் ஆழத்தில் இருந்து எடுத்துக் குழாயில் போட்டார். "கையி படக்கூடாது மதினி, மூடியக் கவுத்து வைக்காதீக" என்று நான் சொல்லச் சொல்ல அப்படியே செய்தார். எங்கள் ஆய்வகத்துப் பிள்ளைகள்கூட அவ்வளவு பதவிசாகச் செய்ய மாட்டார்கள். மறுநாள் காலையில் ஜெயந்தி மேடம் வீட்டுக்கு வந்து, குழாய்களைப் பார்த்து, எண் எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் முறைப்படி முடிந்தது. எனக்குப் பதினான்கு மாதத்தில் அன்றுதான் நெஞ்சு லேசானது.

5

என் அட்டை வந்து, நான் ஊருக்கு வந்து சேர இன்னும் பன்னிரண்டு நாள் ஆனது. ஜெயந்தி மேடம் கொண்டுவந்த பெட்டியிலேயே குழாய்கள் வீட்டில் பத்திரமாக இருந்தன. அண்ணன் கட்டிலில் இருந்தபடியே அதைக் காட்டினார். கால் முழங்கால்வரை வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. அறையில் ஒரு வாடை. கேட்டால், "நீ வந்துட்டேல்ல, இனி என்ன" என்றார்.

மறுநாள் காலையில் மதினி இட்லி வைத்தார். பக்கத்தில் பொட்டலங்களை எடுத்து அடுக்கினார்.

"தம்பி, இந்தத் தடவ பொடி மூணு வகை வச்சிருக்கேன். பருப்பு, எள்ளு, கறிவேப்பிலை. எல்லாம் நல்லா வறுத்துத்தான் திரிச்சது. வண்டு வராது."

"சரி மதினி."

"மண்ணையும் வறுத்துத்தான் குழாயில போட்டுருக்கேன். ஏர்போர்ட்டுல பயப்படாமக் கொண்டுபோங்க."

கையில் எடுத்த இட்லியைத் தட்டில் வைத்தேன். "மண்ணையா?"

"ஆமா தம்பி. மண்ணெடுத்த அன்னைக்குச் சாயங்காலமே பூராக் குழாயவும் தட்டி, இரும்புச் சட்டியில போட்டு, பொகை வார வரைக்கும் நல்லா வறுத்தேன். ஆறவச்சுத் திருப்பி அதது குழாயிலயே போட்டு மூடிட்டேன். ஒண்ணோட ஒண்ணு கலக்கல, தனித்தனியாத்தான் வறுத்தேன். தோண்டுனதுல மீந்ததக்கூட வீணாக்கல, அதையும் வறுத்து ஊறுகா பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன்."

இதற்கும் காரணம் நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் மதினி கொடுத்தனுப்பிய உளுந்தம்பருப்பில் இரண்டு வண்டு இருந்தது. அங்கே விமான நிலையத்தில் சோதனை செய்தவர் பையைத் திறந்தார். வண்டு மேசைமேல் நடந்தது. பை முழுவதையும் குப்பையில் போட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அதை மதினியிடம் போனில் கொட்டினேன். அதிலிருந்து அவர் எனக்கு எதைக் கொடுத்தாலும் வறுக்காமல் கொடுப்பதில்லை. அரிசிமாவை வறுத்தார். வெந்தயத்தை வறுத்தார். மண்ணுக்குள் பூச்சி இருக்கும் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர் என்ன நினைப்பார்?

ஊறுகாய் பாட்டிலை வாங்கித் திறந்து முகர்ந்தேன். செங்கல் சூளைப் பக்கம் போனதுபோல ஒரு வாசம். மழை வாசம் துளிகூட இல்லை. ஆய்வகத்திலும் சில சமயம் மண்ணைச் சூடாக்குவார்கள், வேண்டாத கிருமியை அடக்க. அதற்கு ஒரு அளவு இருக்கிறது, ஒரு கடிகாரம் இருக்கிறது. இது கடலை வறுக்கிற சூடு, ஒரு பாக்டீரியாவும் மிஞ்சாது.

மதினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏன் தம்பி, இன்னுஞ் செத்த நேரம் வறுத்திருக்கணுமா?"

அவரிடம் என்ன சொல்வது? "இல்ல மதினி, போதும்" என்றேன். பாட்டிலை மூடும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அதில் கால்வாசிதான் மண் இருந்தது. மீந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

6

பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் திண்டுக்கல் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியாது. முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. மண் கடல் தாண்டிப் போகும், என் தட்டில் ஒன்றும் முளைக்காது. செம்மண்ணில் சரக்கு இல்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். அண்ணனிடமும் மண் போய்விட்டது என்று சொல்லலாம். பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு டீ குடிக்கிறவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் ஒன்றும் முளைக்காத தட்டைப் பார்த்துப் படித்த பிள்ளைகள் இந்த மண்ணைப் பற்றிப் பொய்யை எழுதிவைப்பார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் காட்டைப் பற்றி அப்படி ஒரு காகிதம் எங்கேயோ இருக்கக் கூடாது.

ஜெயந்தி மேடத்திடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வறுத்தாங்களா? இரும்புச் சட்டியிலயா?"

"ஆமாங்க மேடம்."

"நான் முத்திரை ஒட்டுறப்போ குழாய் வெதுவெதுன்னு இருந்துச்சான்னுகூட நினைச்சுப் பார்க்கிறேன். இல்ல, ராத்திரியிலயே ஆறியிருக்கும்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சொல்லாம இருந்திருக்கலாம் நீங்க. சொன்னது நல்லதுதான். ஆனா அனுமதி இந்தக் குழாய் எண்ணுக்குத்தான். கெடுவும் முடிஞ்சிருச்சு. திரும்ப விண்ணப்பம்தான்."

"முதல்ல இருந்தா மேடம்?"

"முதல்ல இருந்து." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாரிசுச் சான்றிதழ் கையில இருக்குல்ல, அந்த ஒண்ணாவது மிச்சம்" என்றார்.

பெட்டியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. பதினான்கு மாதம். அதற்கு முந்தைய ஏழு வருடம். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மதினியைத் திட்ட முடியாது. ஆபீஸ்காரர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? என்னைத்தான் திட்டிக்கொண்டேன். அதனாலும் ஒன்றும் ஆகவில்லை.

7

வீட்டுக்குள் நுழைந்தபோது சாயங்காலம் நாலு மணி. மதினி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். அண்ணன் கட்டிலில் காலைத் தூக்கிவைத்துக் கட்டைப் பிரித்திருந்தார். பக்கத்தில் அந்த ஊறுகாய் பாட்டில் திறந்திருந்தது. விரலால் மண்ணை எடுத்து, திருநீறு தூவுவதுபோலப் புண்மேல் தூவிக்கொண்டிருந்தார். பாட்டிலில் மீதி எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது.

"அண்ணே, என்ன பண்றீக?"

"ஏலே வந்துட்டியா. மண்ணக் குடுத்துட்டியா?"

"இத எத்தனை நாளாப் போடுறீக?"

"வறுத்த நாள்ல இருந்து. ஒம் மதினிக்குத் தெரியாது." குற்றம் செய்த முகமே இல்லை. "நீ கொண்டுபோயி, அவுக பாத்து, மாத்திரையாக்கி, அது கப்பல்ல வந்து. அம்புட்டுத் தூரம் எதுக்கு? சரக்கு மண்ணுலதான இருக்கு, நேராப் போட்டா என்னன்னுதான்."

புண்ணைப் பார்த்தேன். பாதத்தின் ஓரம் கறுத்திருந்தது. கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. பாட்டிலை அவர் கையில் இருந்து பிடுங்கினேன். பிறந்ததில் இருந்து அண்ணன் கையில் இருந்து எதையும் நான் பிடுங்கியதில்லை. அவர் அதிர்ந்துபோய்ப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் இல்லண்ணே. மதினி வறுத்துட்டாக. செத்த மண்ணு."

"சரி, புது மண்ணு எடுத்தாப் போச்சு. காடு எங்கயும் போகலயே."

"புது மண்ணுன்னாலும் இல்லண்ணே."

"அன்னைக்கு இருக்குன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

நான் பேசினேன். அவர் முன்னால் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. "எட்டு வருசமாக் காய்ச்சுறேண்ணே. எத்தன நாட்டு மண்ணோ வந்துச்சு. ஏழு தடவ கேக்கு வெட்டுனாக. ஒண்ணுகூட மருந்தாகல. இனிமே ஒண்ணு கெடச்சாலும், அதை எலிக்குப் போட்டு, பெறகு மனுசனுக்குப் போட்டுப் பாத்து, கடைக்கு வாரதுக்குள்ள பத்து வருசம், பதினஞ்சு வருசம். ஒங்க காலு இன்னும் பத்து நாளு தாங்காது. கறுப்பு மேல ஏறிக்கிட்டு இருக்கு. ஆஸ்பத்திரி காகிதத்துல இருக்குற மருந்தெல்லாம் நான் லேபிள் ஒட்டுறதுதான். ஒண்ணத் தவிர எதுவும் ஒங்களுக்குக் கேக்காது, அந்த ஒண்ணும் ஒங்க கிட்னிக்கு ஆகாது. வெட்டுறது ஒண்ணுதான் மிச்சம்."

அண்ணன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியில் மதினி வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப நீ அங்க எதுக்குலே இருக்க?" என்றார். திட்டுவதுபோல் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் பாட்டில் மூடியைத் தேடி எடுத்து மூடினேன். "தட்டு ஊத்த ஒரு ஆளு வேணும்லண்ணே. ஊத்திக்கிட்டே இருந்தாத்தான் என்னைக்காவது ஒண்ணு."

"மானாவாரி வெதைக்கிற மாதிரி."

"அதைவிட மோசம்ணே. அதுலயாவது மாட்டுக்குச் சோளத்தட்டை மிஞ்சும்."

அண்ணன் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான், ஆனால் சிரித்தார். பிறகு தன் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பெருவிரலில் இருந்து சுண்டுவிரல்வரை. மதினி வாசலில் வந்து நின்றார். அவர் கண் என் கையில் இருந்த பாட்டிலில் இருந்து, புண்மேல் இருந்த மண்ணுக்குப் போனது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் வறுத்தது தப்பாயிருச்சா தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "ஒரு தப்பும் இல்ல சரசு. வறுக்காம இருந்திருந்தா இதுல புழுவும் சேந்து நெளிஞ்சிருக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "போ அப்பு, ஆட்டோவக் கூப்புடு. இன்னைக்கே போயிருவோம். நாளைக்குன்னா எனக்கு மனசு மாறிப்போகும்" என்றார்.

ஆட்டோவில் அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் யாழினிக்குச் செய்தி அனுப்பினேன், பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன் என்று. அவள் டச்சில் ஒரு சொல் அனுப்பினாள். நல்லது என்று அர்த்தம். அதற்குக் கீழே தமிழ் எழுத்தில், எழுத்துப் பிழையோடு, 'பயமா இருக்கா பா' என்று கேட்டிருந்தாள். ஆமாம் என்று எழுதினேன்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணைக் கழுவும்போது, இது என்ன மண் என்று கேட்டார். அண்ணன், "எங்க காட்டு மண்ணுங்க சார். தம்பி வெளிநாடு கொண்டுபோக எடுத்தது" என்றார். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். விரலோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டார். உறவுமுறை என்ற இடத்தில் தம்பி என்றும், தொழில் என்ற இடத்தில் சமையல் என்றும் எழுதினேன்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு அண்ணனை உள்ளே கொண்டுபோய், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மத்தியானம் மதினி பஸ் ஏறிப்போய் மாட்டைக் கறந்துவிட்டுத் திரும்பி வந்தார். ஜெயந்தி மேடம் போன் செய்து, புது விண்ணப்பத்துக்குச் சம்மதக் கடிதம் நாலு பிரதி வேண்டும் என்றார். சாயங்காலம் கண் விழித்ததும், நான் எழுதி வைத்திருந்த நாலு பிரதியிலும் அண்ணன் கையெழுத்துப் போட்டார்.